தாங்கிக்கொள்வார்கள் என்ற பொய்

கறுப்பினப் பெண்களைப் பற்றி உலகம் சொல்லும் நல்ல வார்த்தைகளில் மிகக் கொடியது ஒன்று உண்டு: அவர்கள் எதையும் தாங்குவார்கள். ஹாலிவுட் படத்தில் வரும் தாயானாலும் சரி, பாடகியானாலும் சரி, விளையாட்டு வீராங்கனையானாலும் சரி, பேச்சு கடைசியில் இங்கே வந்துதான் நிற்கிறது. தமிழில் மகளிர் தினத்தையொட்டி அவர்களைப் பற்றி எழுதும்போதும் 'இரும்பு மனுஷி' தவறாமல் வந்துவிடுகிறாள். எழுதுகிறவர்கள் அன்போடுதான் எழுதுகிறார்கள். ஆனால் இந்த நம்பிக்கை அன்பில் பிறந்ததல்ல. மனிதர்களை வாங்கி விற்றவர்களுக்குத் தேவைப்பட்ட நம்பிக்கை இது. அமெரிக்காவின் பிரசவ அறைகளில் இன்றும் இது உயிர்களைக் காவு வாங்குகிறது.

அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். 1845 முதல் 1849 வரை, வீட்டுக்குப் பின்னால் கட்டிய சிறு மருத்துவமனையில் அடிமைப் பெண்களை வைத்து அறுவை செய்து பழகினார். நாள்கணக்கில் நீண்ட பிரசவத்தால் உள்ளே துளை விழுந்து, சிறுநீர் ஓயாமல் கசியும் நோய் அந்தப் பெண்களுக்கு. அனார்க்கா, லூசி, பெட்ஸி என்ற மூன்று பெயர்கள்தான் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. மயக்க மருந்து இல்லை. லூசியை முழங்காலையும் முழங்கையையும் ஊன்றவைத்து, பத்துப் பன்னிரண்டு டாக்டர்கள் சுற்றி நின்று பார்க்க, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அறுத்துத் தைத்தார் சிம்ஸ். சிறுநீரை வடிக்க உள்ளே வைத்த பஞ்சினால் இரத்தத்தில் நஞ்சேறி லூசி சாவின் வாசல்வரை போய் வந்தார். தேறி எழ இரண்டு மூன்று மாதங்கள் ஆயின. அனார்க்காவின் உடலில் சுமார் 30 அறுவைகள். உதவிக்கு வந்த டாக்டர்கள் சலித்து ஒதுங்கியதும், ஒருத்தியை அறுக்கும்போது மற்றப் பெண்களே பிடித்துக்கொள்ளப் பழக்கப்படுத்தப்பட்டார்கள்.

சிம்ஸுக்காக இன்றும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈதர் என்ற மயக்க மருந்து அப்போது புதிது, நோயோ வாழவிடாத நோய், அந்தப் பெண்களே அறுவையைக் கேட்டார்கள் என்பார்கள். ஈதர் 1846இல் பாஸ்டனில் எல்லோரும் பார்க்கச் செய்து காட்டப்பட்டது. அதற்குப் பிறகும் 1849 வரை மாண்ட்கோமரியில் அறுவை அப்படியேதான் நடந்தது. பெண்கள் கேட்டார்கள் என்பதற்குச் சாட்சி சிம்ஸின் எழுத்து மட்டுமே. 'மாட்டேன்' என்று சொல்ல உரிமை இல்லாத பெண்ணின் 'சரி'யை, அவளை மேசையில் ஏற்றியவரின் வாயால் கேட்டு நான் ஏற்கமாட்டேன். இன்னொன்றும் உண்டு. லூசி பட்ட வேதனை கடுமையானது என்று தன் சுயசரிதையில் எழுதியவரும் இதே சிம்ஸ்தான். வலி அவர் கண்ணில் படாமல் போகவில்லை. பட்டும் கை நிற்கவில்லை. 'தாங்கிக்கொள்வார்கள்' என்ற நம்பிக்கை செய்யும் வேலை இதுதான்: வலியை எதிரே பார்த்துக்கொண்டே மேலே போக அனுமதி தருகிறது.

'மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை' என்று சிம்ஸுக்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்தார்கள். 2018இல்தான் அது அங்கிருந்து அகற்றப்பட்டது. மூன்று பெண்களுக்கும் மாண்ட்கோமரியில் சிலை எழுந்தது 2021இல். கலைஞர் மிஷெல் பிரவுடர் பழைய இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்து உருவாக்கியவை அவை.

அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் இந்த நம்பிக்கை ஒழியவில்லை. மிசிசிப்பியின் பருத்திக்காட்டுத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர் 1961இல் கட்டி ஒன்றை எடுப்பதற்காக மருத்துவமனை போனார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. இதற்கு 'மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்' என்று ஒரு பெயரே இருந்தது. பிறகு வாக்குரிமைப் போராட்டத்தில் இறங்கிய ஹேமரின் சிறுநீரகம், 1963இல் வினோனா சிறையில் போலீஸார் ஏவிவிட்டு அடிக்கவைத்த அடியில் கெட்டது. அந்த உடலோடுதான் அடுத்த ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் அமர்ந்து வாக்குரிமைக்காகச் சாட்சி சொன்னார். 59 வயதில் இறந்தார். வலிமைக்கு இலக்கணமாக அவரைக் காட்டுகிறவர்கள், அவருடைய கல்லறையில் என்ன செதுக்கியிருக்கிறது என்று போய்ப் பார்க்கட்டும். சலித்துச் சலித்தே தான் ஓய்ந்துபோனதாக அவர் சொன்ன சொல்தான் அங்கே இருக்கிறது.

இந்தப் புகழ்ச்சி எந்த நிமிடமும் பழியாகத் திரும்பும். 1965இல் தொழிலாளர் துறை உதவிச் செயலர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் தயாரித்த அறிக்கை, கறுப்பினக் குடும்பங்களில் பெண்ணின் கை ஓங்கியிருப்பது அந்தச் சமூகத்தையே பின்னுக்கு இழுக்கிறது என்றது. ஆணுக்கு வேலை கொடுக்காத நாடு, வீட்டைச் சுமந்தவளிடம் கணக்குக் கேட்டது. அன்று தொடங்கிய பேச்சை 1978இல் தன் நூலில் நேருக்கு நேர் எதிர்த்தவர் மிஷேல் வாலஸ். 'சூப்பர்வுமன்' என்பதே கட்டுக்கதை என்று எழுதியதற்காகச் சொந்த மக்களிடமிருந்தும் வசை வாங்கினார்.

பிரசவத்தில் கறுப்பினப் பெண்கள் அதிகம் சாவதற்கு வறுமைதான் காரணம், நிறம் அல்ல என்று சமாதானம் சொல்வார்கள். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் ஏழையா? 2017 செப்டம்பரில் சிசேரியனில் அவருக்கு மகள் பிறந்தாள். மறுநாள் மூச்சு முட்டியது. நுரையீரலில் இரத்தக்கட்டி ஏற்பட்டு 2011இலேயே பிழைத்தவர் அவர். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அறையை விட்டு வெளியே நடந்துபோய், சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், உடனே ஹெப்பாரின் ஏற்ற வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னார். வலி மாத்திரையின் மயக்கத்தில் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். வந்த டாக்டர் காலுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை. செரீனா விடவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் இருந்தன. அதற்குள் இருமி இருமி ஆபரேஷன் தையல் பிரிந்து, மறுபடி மேசைக்குப் போக வேண்டியதாயிற்று. நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் தானே சொல்லத் தெரிந்த, உலகமே முகம் அறிந்த பெண்ணின் கதி இது. எங்கோ ஓர் ஊரில், 'மூச்சு சரியில்லை' என்று மட்டும் சொல்லத் தெரிந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இறந்த கறுப்பினத் தாய்மார் 69.9, வெள்ளையினத் தாய்மார் 26.6. மறு ஆண்டு கொரோனா தணிந்ததும் இரண்டு எண்களும் இறங்கின, 49.5 என்றும் 19 என்றும். இடைவெளி மட்டும் இரண்டரை மடங்குக்கு மேலேயே நின்றது. படித்தால் தப்பலாம் என்பதும் இல்லை. பட்டம் பெற்ற பெண்களுக்குள் ஒப்பிட்டாலும் கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களைவிட ஐந்து மடங்கு இறந்திருக்கிறார்கள். நாட்டின் நோய்த் தடுப்பு மையத்திலேயே வேலை பார்த்த, முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண் ஒருவர், 2017இல் குழந்தை பிறந்த மூன்றே வாரத்தில் உயர் இரத்த அழுத்தச் சிக்கலால் இறந்தார். இத்தகைய ஏற்றத்தாழ்வுகளை ஆராய்வதே அவருடைய தொழில்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஆய்வு இந்த ஏற்றத்தாழ்வின் வேரைத் தொட்டது. கறுப்பினத்தவரின் தோல் தடிப்பானது, நரம்பு முனைகளுக்கு உணர்ச்சி குறைவு என்பன போன்ற பொய்களில் ஒன்றையாவது வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் நம்பினார்கள். நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், சிகிச்சையிலும் பிசகினார்கள். இவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்களாக இருக்க வாய்ப்பில்லை. அதுதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது.

கறுப்பினப் பெண்களே இந்த வலிமையைப் பெருமையாகச் சொல்கிறார்களே என்று கேட்கலாம். சொல்கிறார்கள். மகளுக்குத் தாய் சொல்லித் தருகிறாள், ஏனென்றால் வேறு யாரும் தூக்கிவிட வரமாட்டார்கள் என்பது அவள் பட்டு அறிந்தது. தன்னைக் காத்துக்கொள்ள அவள் தனக்குச் சொல்லிக்கொள்வது அவளுடைய உரிமை. அதை மருத்துவரும் முதலாளியும் அரசும் எடுத்துக்கொண்டு, தாங்கள் செய்யாத கடமைக்குக் காரணமாகக் காட்ட உரிமை இல்லை.

செய்ய வேண்டியது என்ன என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பிரசவம் சார்ந்த சாவுகளில் 80 சதவீதத்துக்கு மேல் தடுக்கக்கூடியவை. கலிஃபோர்னியாவில் இரத்தப்போக்கைக் கண்ணால் பார்த்து ஊகிப்பதை விட்டு, நனைந்த துணியை எடைபோட்டு அளக்கும் முறையை மருத்துவமனைகளில் பரப்பினார்கள். இப்படிப்பட்ட மாற்றங்களால் 2006க்கும் 2013க்கும் இடையே அந்த மாநிலத்தில் தாய்மார் சாவு பாதிக்கு மேல் குறைந்தது. கறுப்பினப் பெண்களுக்கான இடைவெளி அங்கும் மூடவில்லை. அளவை முறையோடு காது கொடுத்துக் கேட்பதும் வேண்டும். சாவுகளில் பாதிக்கு மேல், பிள்ளை பெற்ற ஒரு வாரத்துக்கும் ஓராண்டுக்கும் இடையே நேர்கின்றன. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடோ பல மாநிலங்களில் 60 நாளோடு கைவிட்டது. 2022இல்தான் அதை ஓராண்டுக்கு நீட்டிக்க வழி பிறந்தது. பெரும்பாலான மாநிலங்கள் நீட்டித்தன. நாடாளுமன்றத்தில் கறுப்பினத் தாய்மார் நலத்துக்கென்று குழு அமைத்து, 2020இல் மசோதாக்களைத் தொகுப்பாகக் கொண்டுவந்தவர்களில் முன்னின்றவர் லாரன் அண்டர்வுட். நர்ஸாக இருந்து அரசியலுக்கு வந்த கறுப்பினப் பெண் அவர். அந்தத் தொகுப்பில் பெரும்பகுதி சட்டமாகாமல் கிடப்பில் போடப்பட்டது. கறுப்பினப் பெண்களின் வலிமையை மேடைதோறும் போற்றும் உறுப்பினர்கள் அதை வெளியே எடுத்து வாக்குக்கு விடட்டும்.