ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிறோம்

“நல்ல கோடுக்கு கமெண்ட் தேவையில்லை.” வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு சீனியர் எனக்குச் சொன்ன வேதம் இது. அப்புறம் எத்தனையோ ஜூனியர்களுக்கு நானும் ஓதியிருக்கிறேன். கேட்டால் ராபர்ட் மார்ட்டினின் ‘க்ளீன் கோட்’ (2008) ஆதாரம் என்பார்கள். கமெண்ட் எழுத வேண்டிவந்தால் அது கோடில் சொல்லத் தெரியாத நம் தோல்வி என்று அந்தப் புத்தகம் சொல்வது உண்மைதான். ஆனால் அதே அத்தியாயத்தில் நல்ல கமெண்ட் எது என்றும் ஒரு பகுதி இருக்கிறது. வேதம் ஓதுகிறவர்கள் அதுவரை படிப்பதில்லை.

நானும் படிக்கவில்லை. அதன் விலையை ஒரு விஷுவல் நாவலில் கொடுத்தேன்.

தெரியாதவர்களுக்கு: பின்னால் படமும் இசையும் ஓட, வசனத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டே போய், நடுநடுவே ‘இதைச் செய்யவா, அதைச் செய்யவா’ என்று தேர்ந்தெடுக்க, அதற்கேற்பக் கதை கிளை பிரியும் விளையாட்டுதான் விஷுவல் நாவல். ‘டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்’ (2017) சிலர் ஆடியிருப்பீர்கள். அதைச் செய்த கருவியின் பெயர் ரென்பை. 2004இலிருந்து இருக்கிறது, இலவசம். அதன் ஸ்கிரிப்ட் பாதி நாடகப் பிரதி, பாதி பைத்தான். வரிக்கு முன்னால் # போட்டால் அது கமெண்ட். ஆடுகிறவர் கண்ணில் படாது.

நானும் ஒரு தோழியும் எங்கள் ஊர் விருத்தாசலத்தில் நடக்கிற கதை ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். எழுத்து அவளுடையது, கோடு என்னுடையது. பீங்கான் பொம்மை செய்யும் அப்பா, வேலை கிடைத்து ஊரைவிட்டுக் கிளம்பும் மகள். ஒரு காட்சியில் சூளையைத் திறக்கிறார்கள். உள்ளே இருந்த பொம்மை பூராவும் விரிசல். அப்பா பார்க்கிறார். பிறகு, “சரி வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்கிறார். பார்ப்பதற்கும் பேசுவதற்கும் நடுவில் ‘பாஸ் 4.0’ என்று ஒரு வரி. நாலு செகண்டு திரை சும்மா நிற்கும்.

ஒரு வருஷம் கழித்து ஸ்கிரிப்டைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தேன். சோதனைக்குப் போட்டு எடுக்க மறந்த வரி என்று நினைத்து அதை நீக்கினேன். எந்தப் பிழையும் வரவில்லை. அவள் ஆடிப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். “அந்த நாலு செகண்டுலதான்டா அவர் அழுறார். அதைப் போய்த் தூக்கிட்டியே!”

‘அப்பா அழும் நேரம்’ என்று ஒரு மாறி வைத்திருக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். வைக்கலாம், அந்த ஒரு இடத்துக்கு. இசை ஏன் இங்கே நிற்கிறது, பாட்டி ஏன் இந்த ஒரு வரியில் மட்டும் பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று ஒரு கதையில் இப்படி எத்தனையோ இடங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மாறி வைத்தால் எழுதியவளாலேயே ஸ்கிரிப்டை வாசிக்க முடியாது. வங்கி மென்பொருளில் கணக்கு பிசகினால் டெஸ்ட் அலறும். கதையில் ஒரு மௌனம் செத்துப்போனால் எந்த டெஸ்டும் அலறாது. கோடு ‘என்ன’ என்பதைச் சொல்லும். ‘ஏன்’ என்பது எழுதியவர் தலைக்குள்தான் இருக்கும், அதுவும் மறக்கும்வரை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. திருமுதுகுன்றம் என்ற இந்த விருத்தாசலத்தில் சுந்தரர் இறைவனிடம் 12,000 பொன் பெற்று, மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. எல்லாரும் ஆற்றையும் குளத்தையும் மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். போடுவதற்கு முன் அவர் அந்தப் பொன்னில் கொஞ்சம் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். மச்சம் என்றால் மாதிரித் துண்டு. குளத்தில் வந்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தபோதுதான் மாற்று குறைவது தெரிந்தது. கமெண்ட் என்பது அந்த மச்சம். என் கையில் அது இல்லை. மாற்று குறைந்ததும் எனக்குத் தெரியவில்லை.

இதற்காக வரிக்கு வரி # போடச் சொல்லவில்லை. மகள் சிரிக்கும் படத்தைக் காட்டுகிற வரிக்கு மேலே ‘மகள் சிரிக்கிறாள்’ என்று எழுதுவது பதவுரை. அது யாருக்கும் வேண்டாம். கோப்பின் தலையில் இடம், காலம், இதற்குள் ஆடுகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்கும் என்பது. ஒவ்வொரு லேபிளின் தலையில் எந்தக் கிளைகளிலிருந்து இங்கே வரலாம், இங்கே மாறுகிற மாறி பின்னால் எங்கே உதவும் என்பது. வரிக்குப் பக்கத்தில் காரணம் மட்டும். வெட்டிய காட்சிகளை # போட்டுப் புதைக்க வேண்டாம், அதற்கு கிட் இருக்கிறது. ரென்பை புதுத் திட்டத்துக்குத் தருகிற அமைப்புக் கோப்பிலேயே ஓர் ஒழுங்கு உண்டு: ## என்றால் விளக்கம், ஒற்றை # என்றால் தேவைப்படும்போது திறந்துகொள்ளக்கூடிய கோடு. அதையே பின்பற்றலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் கதையின் கடைசியில் மகள் அப்பாவை முதல்முறையாக ‘நீ’ என்கிறாள். அதுவரை ‘நீங்க’. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே. ரென்பை உண்டாக்கித் தரும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே மூல வரி கமெண்டாக நிற்கும். அதைச் சுற்றி நாம் எழுதிய விளக்கம் தானாக வராது, நாம்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். எழுதவே இல்லையென்றால் எதைக் கொண்டுபோவது? எழுதாமல் விட்டுவிட்டு, தமிழின் நுட்பம் மொழிபெயர்ப்பில் தொலைகிறது என்று மேடையில் அழுவதில் அர்த்தமில்லை. தொலைத்தது நாம்.

அந்த ‘பாஸ் 4.0’ இப்போது திரும்ப வந்துவிட்டது. மேலே இரண்டு # போட்டு, “அப்பா அழும் இடம். மகள் பார்க்கவில்லை. குறைக்காதே” என்று எழுதியிருக்கிறது. எழுதியது அவள். எனக்காகத்தான் எழுதியிருக்கிறாள். அடுத்த வருஷம் நான் மறுபடியும் சுத்தம் பண்ண உட்காருவேன் என்று அவளுக்குத் தெரியும்.