மலையேறும் முன் மண்மூட்டை ஏற்றுங்கள்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் கிடக்கும் எங்கள் சிலமலையிலும், பக்கத்துப் போடிநாயக்கனூரிலும் பொழுது விடிவது சேவல் கூவி அன்று. ஜீப் ஹாரன் ஒலித்துத்தான். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக இருட்டிலேயே ஏறிவிடுகிறார்கள். அவர்களுள் என் தாயும் ஒருவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனவே இந்த வண்டிகளைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல எனக்கு உரிமையுண்டு என்று எண்ணுகிறேன்.

ஜீப் போருக்கென்று பிறந்த வண்டி. இரண்டாம் உலகப்போரின்போது, 1941 முதல், அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் அதைப் பெருமளவில் செய்தது. போருக்குப் பின் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் அதை இங்கே பூட்டிக் கட்டத் தொடங்கியது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் அந்த வண்டி, போர்க்களத்தை விட்டுத் தோட்டக்காட்டுக்கு வந்து சேர்ந்தது. சேறும் பாறையும் நிறைந்த எஸ்டேட் பாதைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால், மலையில் ஓடும் ஜீப்புகளில் பல, தொழிற்சாலையை விட்டு வந்த உருவில் இல்லை. பட்டை கூட்டி உயர்த்தப்பட்டவை, பெரிய டயர் மாட்டியவை, பின்பக்கம் நீட்டப்பட்டவை, கூரைமேல் கேரியர் ஏறியவை எத்தனையோ! தொழிற்சாலை ஒரு வண்டியை விற்பதற்கு முன், அதன் மாதிரியை அரசு ஒப்புக்கொண்ட நிலையத்தில் சோதித்துச் சான்று பெறுகிறது. பட்டறையில் மாற்றிய அன்றே அந்தச் சோதனை செல்லாக்காசாகி விடுகிறது. புதுச் சோதனையை யார் செய்கிறார்கள்? வெளியூர்களிலிருந்து பொழுதுபோக்குக்காக மலையேற வரும் ஜீப் பிரியர்கள்கூட, நெடும்பயணத்துக்கு முன் தங்கள் வண்டியை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றும் வண்டிக்கோ முதல் பயணமே சோதனை; அதில் அமர்ந்திருப்பவர்களே சோதனைச் சுமை. இது அநீதி என்பது என் துணிபு.

வகுப்பறையில் படிக்கும் இயற்பியலைச் சற்றே வெளியே கொண்டு வருவோம். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைவெளி 130 செ.மீ. என்றும், வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரம் என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குப்படி, 45 பாகை சரிவு வரை அசையாது நிற்கும் வண்டி கவிழாது. ஈர்ப்பு மையம் 10 செ.மீ. உயர்ந்தால் அந்த எல்லை 41 பாகை. கூரைமேல் மூட்டை ஏற்றி இன்னும் 10 செ.மீ. உயர்ந்தால் 37 பாகை. இது ஏட்டுக் கணக்கு. வளைவும் வேகமும் குழியும் சேர்ந்தால் எல்லை இன்னும் கீழே இறங்கும்.

இனி பிரேக். போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர். ஆள்களோடு 2,000 கிலோ எடையுள்ள வண்டி அதில் இழக்கும் ஆற்றல், நான்கைந்து குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது! அவ்வளவு வெப்பத்தையும் பிரேக்கின் தலையில் கட்டினால் அது பிடி தளர்ந்துவிடும். சின்ன கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். டயரின் அளவு பெருத்தால், அதே கியரில் எஞ்சினின் பிடி குறையும் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

"இருபது வருசமா ஓட்டுறேன் தம்பி, என் கையவிடவா சோதனை?" என்பார் ஓட்டுநர். அவர் கைத்திறனை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தக் கை பழகியது பழைய வண்டியில். மாற்றிய வண்டி புது வண்டி. "ஒரு நாள் வாடகை போய்விடுமே" என்பார் உரிமையாளர். அரை நாள் போதும். பத்துப் பேருக்கு அனுமதி பெற்ற வண்டியானால், ஆளுக்கு 55 கிலோ வீதம் 50 கிலோ மண்மூட்டை பதினொன்று வேண்டும். அவற்றைத் தரையில் போடாமல் இருக்கையின் மேலேயே கட்ட வேண்டும். மனிதர்கள் உட்காரும் உயரம் அதுதானே! உரிமையாளர் அனுமதித்த பட்டா நிலத்துச் சரிவில் ஹேண்ட் பிரேக் நிற்கிறதா, சின்ன கியர் பிடிக்கிறதா, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் பிரேக் குழாயில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பட்டை போல்ட்டுகளையும் பிரேக் ஆயில் கசிவையும் ஆராய வேண்டும். காட்டையும் ஓடையையும் சோதனைக்களம் ஆக்கலாகாது.

சட்டம் இல்லாமலில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. எனவே சோதனை என்பது முறையற்ற மாற்றத்துக்கு மன்னிப்புச் சீட்டு அன்று. அனுமதிக்கு அடங்கிய மாற்றத்துக்கும், பழுது பார்த்த பழைய வண்டிக்கும் அது கட்டாயம் என்பதே என் வாதம். அபராதம் வண்டியைப் பிடித்த பிறகு வருவது. சோதனையோ ஆள் ஏறுமுன் நடப்பது.

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் ஒரு ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து, தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஒன்பது பேர் மாண்டனர். அந்த விபத்தின் காரணத்தை ஆராய்வது என் வேலையன்று. ஆனால் வேலை முடிந்து வீடு திரும்ப ஜீப்பை நம்புகிறவர்கள் யார் என்பதை அது நாட்டுக்குக் காட்டியது.

நண்பர்களே, நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாமே! மூட்டை கட்டக் கைகள் உண்டு; கோணம் அளக்க நம் ஆய்வகத்தில் கருவி உண்டு; வழிகாட்டப் பேராசிரியர்கள் உண்டு; பட்டறைக்காரர்களும் ஓட்டுநர்களும் நமக்கு அண்ணன் தம்பிகளே. மண்மூட்டை உருண்டால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். மனித உயிரை அப்படிக் கட்ட எந்தக் கயிறும் இல்லை. சிந்திப்போம், செயல்படுவோம்!