பெயர் ஒருவருக்கு, வேலை இன்னொருவருக்கு

டிரவுட் மீனைப் பிடிக்கிறவர்களில் பலர் மண்புழுவைத் தேடுவதில்லை. தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரியே ஒன்றைச் செய்துகொள்வார்கள். இதை ஈ கட்டுவது என்பார்கள். அப்படிக் கட்டியவற்றில் மிகவும் பேர்பெற்ற ஒன்று ‘கிரீன்வெல்ஸ் குளோரி’, அதாவது கிரீன்வெல்லின் பெருமை. அந்தப் பெருமை உண்மையில் யாருடையது என்பதில்தான் வழக்கு.

வில்லியம் கிரீன்வெல் இங்கிலாந்தில் டர்ஹாம் பேராலயத்தைச் சேர்ந்த பாதிரியார். பழம்பொருள் ஆராய்ச்சியிலும் பெயர் வாங்கியவர். 1854 மே மாதம் ஸ்காட்லாந்தில், ஸ்ப்ரௌஸ்டன் என்ற ஊர்ப் பக்கம், ட்வீட் ஆற்றில் தூண்டில் போட்டார். மீன்கள் ஏதோ ஒரு பூச்சியை ஆவலாகத் தின்றன. இவர் போட்டதைச் சட்டை செய்யவில்லை. அந்தப் பூச்சியைப் பிடித்து, அதே ஊரில் ஈ கட்டுகிற ஜேம்ஸ் ரைட்டிடம் கொண்டுபோனார். ரைட் அதைப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார். மறுநாள் மீன் அள்ளியது. அந்தச் சந்தோஷத்தில் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் இந்தப் பெயரைச் சூட்டினார் என்று சொல்வார்கள்.

இது பாதிரியாரின் கண்டுபிடிப்பு என்று ஒரு கட்சி. கட்டியவர் ரைட்தானே என்று இன்னொரு கட்சி. அந்த மாதிரி ஈ அந்தக் கரையில் முன்பே இருந்ததுதான் என்பவர்களும் உண்டு.

என் வோட்டு ரைட்டுக்குத்தான். செய்முறையைப் பாருங்கள். மஞ்சள் பட்டு நூலில் செருப்புத் தைக்கிற மெழுகைத் தேய்த்தால் நிறம் மங்கி, லேசாகப் பச்சை தட்டும். அதுதான் உடம்பு. பிளாக்பேர்ட் பறவையின் சிறகு இறகு இறக்கை. நடுவில் கறுத்து ஓரம் சிவந்த சேவல் இறகு கால்கள். எந்த இறகு தண்ணீரில் நனைந்தால் எப்படித் தெரியும் என்பது வருஷக்கணக்கில் கையால் வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். பூச்சியைக் காட்டுவது வேறு, அதைக் கட்டுவது வேறு.

பாதிரியாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பூச்சியைக் கவனித்த கண் அவருடையது. ரைட்டிடம் கட்டச் சொன்னதை அவர் மறைக்கவும் இல்லை. 1918-இல், 97 வயதில்தான் காலமானார். பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது ஊர் வழக்கத்தால். பெரிய மனிதர் பெயரைத்தானே ஊர் வைக்கும்!

ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. குறிப்பு எழுதியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் ஒருவர். கோப்பில் நிற்பது கையெழுத்துதான்.

நூற்றெழுபது வருஷமாக வழங்கும் பெயரை இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது, கிரீன்வெல் பெயரோடு நிறுத்தாமல், ஜேம்ஸ் ரைட் பெயரையும் ஒருமுறை சொல்லிவிடலாமே. அதற்கு என்ன செலவு?