சீட்டுக்காசும் வங்கிக்கணக்கும்

ஊரிலே வங்கி என்றால் எம்மில் பலருக்கு நகை அடைவு வைக்கும் இடம். 1961இல் மக்கள் வங்கியும், பின்னர் கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கிகளும் வந்தன. ஆனாலும் அவசரத்துக்குக் கைகொடுத்தது சீட்டுத்தான்.

இலண்டனிலும் நாம் சீட்டையே நம்பியிருக்கிறோம். சீட்டுப் பிடிப்பவர் தலைமறைவானால் யாரிடம் முறையிடுவோம்? கணக்கில்லாவிட்டால் இங்கே சம்பளம் வாங்குவதே பெரும்பாடு.

ஒரு வங்கி மறுத்ததும் சோர்ந்து வீடு திரும்புகிறோம். அது தேவையில்லை. 2016 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அரசு குறித்த பெரிய வங்கிகள், வேறு கணக்கில்லாமல் இங்கு சட்டப்படி வசிப்போருக்கு 'பேசிக் பாங்க் அக்கவுண்ட்' வழங்கவேண்டும். அகதிகளும் இதில் அடங்குவர். மாதக் கட்டணமில்லை; மேலதிகப்பற்றும் இல்லை, ஆகவே கடனில் விழும் பயமில்லை.

அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். அடையாள, முகவரி அத்தாட்சிகளாக எவற்றை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் வங்கிக்கே முறையிடுங்கள். தீராவிட்டால் நிதித்துறை ஒம்புட்ஸ்மன் சேவை இலவசமாக விசாரிக்கும்.

இன்னுமொன்று: வீட்டுக்காரர் பெயரில் மட்டுமன்றி, பெண்கள் பெயரிலும் தனிக்கணக்கு இருக்கட்டும்.