முறிந்த மரமும் முறியாத நம்பிக்கையும்

அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் ஓர் இளமரம் ஆள் உயரத்துக்கு மேல் முறிந்து நின்றால், அது பிக்ஃபுட் எனும் ராட்சத மனிதக் குரங்கின் கைவேலை என்று சாதிப்போர் உண்டு. வில்லாய் வளைந்த மரம் அதன் எல்லைக்குறியாம். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த மரங்கள் அதன் குடிலாம். மனிதக் கையால் அவ்வுயரத்தில் முறிக்க இயலாது என்பதே இவர்களது தலையாய வாதம். மனிதனால் இயலாதென்றால் அடுத்து ராட்சதன்தானா? இடையில் காற்றும் பனியும் கரடியும் இல்லையா?

ஈரமான வெண்பனியின் பாரத்தில் இளமரங்கள் வளைகின்றன. சில மீண்டும் நிமிர்வதேயில்லை, சில நடுவில் முறிகின்றன. வசந்தத்தில் கருங்கரடிகள் டக்ளஸ் ஃபர் மரத்தின் பட்டையை உரித்து, உள்ளிருக்கும் இனிப்பான பகுதியைச் சுரண்டித் தின்கின்றன. எல்க் மான்கள் கொம்பைத் தேய்த்துப் பட்டையைக் கிழிக்கின்றன. 1962 அக்டோபர் 12 அன்று வீசிய கொலம்பஸ் தினப் புயல் சாய்த்த மரங்கள், ஒரிகன், வாஷிங்டன் இரு மாநிலங்களின் அன்றைய ஓராண்டு வெட்டுமரத்தையும் விஞ்சின. அத்தனையும் எந்த ராட்சதனின் கணக்கில்?

முறிந்த மரம் இருந்தால் அது வந்துபோனதற்குச் சான்று. இல்லாவிட்டால் அது தடயம் விடாத தந்திரசாலி என்பதற்குச் சான்று. மறுக்க இடமே தராத சான்றைச் சான்றென்று நாம் ஏற்பதற்கில்லை. பிரதியைப் படிக்குமுன்பே ஆசிரியர் இன்னார் என்று முடிவு கட்டுகிற விமர்சகரை இலக்கியத்திலும் நாம் அறிவோம்.

தொன்மத்தோடு நமக்குச் சண்டையில்லை. சாஸ்குவாட்ச் என்ற பெயரே ஹல்கொமெலம் எனும் பூர்வகுடி மொழிச் சொல்லின் திரிபு, 1920களில் ஜே. டபிள்யூ. பர்ன்ஸ் எழுத்தின்வழி அதைப் பரப்பினார். அக்கதைகளுக்கு அளவுநாடா தேவைப்பட்டதில்லை. கதையைத் தடயமாக்கித் தருகிறவர்களோடுதான் நமக்கு வழக்கு.

வெறும் பொழுதுபோக்குதானே, விட்டுவிடலாமே என்பர். விடுவதற்கில்லை. பிக்ஃபுட் என்ற பெயர் பரவியது 1958இல், வட கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில். கண்டெடுத்த பெரும் காலடித் தடத்தின் வார்ப்பை நாளேட்டுக்குக் கொண்டுவந்த ஜெர்ரி குரூ ஒரு புல்டோசர் ஓட்டுநர். தடம் மரக்கட்டைப் பாதங்களால் பதிக்கப்பட்டது என்று, ஒப்பந்தக்காரர் ரே வாலஸ் 2002இல் இறந்தபின் அவர் குடும்பத்தார் தெரிவித்தனர். ஆனால் அந்தப் புல்டோசர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? காட்டுமரங்களை வெட்டிக் கொண்டுபோகப் பாதை போட்டுக்கொண்டிருந்தது.

கலிபோர்னியக் கடலோரத்துப் பழம்பெரும் ரெட்வுட் காடுகளில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 சதவீதம். முறிந்த ஒரு கிளைக்கு ராட்சதனைத் தேடுகிறவர்கள், மீதி 95ஐ வீழ்த்தியவர் யார் என்று கேட்பதில்லை. அந்த ராட்சதனுக்குப் பெரும்பாதம் இல்லை. கையில் ரம்பம் இருந்தது.