உண்ணி உணர்த்தும் உண்மை

திருப்பனந்தாளைச் சூழ்ந்த நன்செய் வெளிகளில் அறுவடை முடிந்ததும் மாடுகள் மேயும். அவற்றின் காலடியைத் தொடர்ந்து வெண்ணிறக் கொக்குகள் நடந்து செல்லும். மாடு நடக்கையில் புல்லினின்று எழும் பூச்சிகளை அவை பிடித்துண்ணும். மாட்டின் உடலில் ஒட்டியிருக்கும் உண்ணிகளையும் கொத்தித் தின்னும். இதுபற்றியே தமிழ் மக்கள் அப்பறவையை உண்ணிக்கொக்கு என்றழைத்தனர். மாடு, உண்ணி, கொக்கு என்னும் மூன்று உயிர்களின் உறவை அப்பெயர் நினைவூட்டுகின்றது. இத்தகைய உறவுகளை அறியாது இயற்கையில் கைவைப்போர் இடர்ப்படுவர் என்பதற்கு மலைக்காட்டு உண்ணியின் வரலாறே சான்றாகும்.

உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்தது அன்று, சிலந்திக்கு உறவினது. முட்டையினின்று வெளிவருங்கால் அதற்கு ஆறு கால்களே உண்டு. தோலுரித்து வளர்ந்தபின் எட்டுக் கால்கள் அமையும். அதற்குச் சிறகு இல்லை; தாவும் ஆற்றலும் இல்லை. ஆதலின் அது புல்நுனியிலோ இலைவிளிம்பிலோ ஏறி, முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும். அக்கால்களில் உள்ள நுண்ணுறுப்பு, நெருங்கிவரும் விலங்கின் மூச்சுக்காற்றையும் உடல்வெம்மையையும் உணர்த்தும். காட்டு உண்ணிகள் பலவும் மூன்று பருவங்களிலும் ஒவ்வொரு முறை குருதி பருகிக் கீழே விழும். முதிர்ந்த பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டபின் மடியும்.

அந்நாளில் மைசூர் மாநிலம் எனப்பட்ட இன்றைய கருநாடகத்தில், சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில், 1957ஆம் ஆண்டு குரங்குகள் கூட்டமாக மாண்டன. அண்டைச் சிற்றூர்களில் மக்களும் கடுங்காய்ச்சலால் வருந்தினர். மஞ்சட்காய்ச்சல் இந்நாட்டிற்குள் நுழைந்துவிட்டதோ என்று அறிஞர் முதலில் ஐயுற்றனர். புனே நகரத்து வைரசு ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து, அஃது அதுவரை அறியப்படாத வேறொரு வைரசால் விளைந்த நோய் என்றும், அதனைப் பரப்புவது உண்ணியே என்றும் கண்டனர். நோயுற்றார் நூற்றுவருள் மூவர் முதல் பதின்மர் வரை மடிவதுண்டு. ஆயினும் அந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. 2012ஆம் ஆண்டில் அது பந்திப்பூர்க் காட்டுப்பகுதியிலும் தோன்றிற்று.

இதன் பொருட்டுக் குரங்கைப் பழித்தல் பொருந்துமோ? பொருந்தாது. மனிதனைப் போலவே அதுவும் அந்நோய்க்கு இரையாகின்றது. உண்ணியோ தன் இயல்புப்படி வாழ்கின்றது. காட்டை வெட்டி விளைநிலமாக்கியும், எஞ்சிய காட்டில் மாடுகளை மேயவிட்டும் மனிதனே அதன் வழியிற் புகுந்தான். மழைக்காலத்தில் முதிர்ந்த உண்ணிகள் அம்மாடுகளின் குருதியைப் பருகிப் பெருகுகின்றன. அவற்றின் வழித்தோன்றிய இளம் உண்ணிகள், மழை ஓய்ந்த வறண்ட மாதங்களில் குரங்கையும் மனிதனையும் பற்றுகின்றன. விறகும் சருகும் திரட்ட ஏழை மக்கள் காட்டிற்குச் செல்வதும் அம்மாதங்களிலேயே. ஆகவே பிறர் செய்த மாறுதலின் துன்பத்தை முதலில் சுமப்பவர் அவரே ஆவர்.

நஞ்சு தூவி உண்ணியினத்தை அடியோடு அழித்துவிடலாம் என்பார் உளர். குரங்கு மாண்ட இடத்தைச் சுற்றி மருந்து தூவுதல் பயன் தரும். பரந்த காடு முழுவதும் தூவுதல் இயலாது. இயன்றாலும், தீங்கற்ற எண்ணற்ற உயிர்கள் அதனால் அழியும். காட்டில் குரங்கு மாண்டு கிடப்பின் உடனே சுகாதாரத் துறையினர்க்குத் தெரிவித்தல், காட்டிற்குச் செல்வோர் உடலை நன்கு மூடிச்சென்று திரும்பியதும் உண்ணி உளதோ என ஆராய்தல், எஞ்சிய காட்டைச் சிதையாது காத்தல் ஆகிய இவையே ஏற்ற வழிகள்.

வயல்வெளி உறவைக் கூர்ந்து நோக்கிக் கொக்கிற்குப் பெயரிட்டவர் உழவர். அக்கூரிய நோக்கு, காட்டைத் திருத்த முற்படுவோர்க்கும் வேண்டும். கடுகளவினதாகிய உயிரையும் அறிந்து நடப்பதே மனிதனுக்குக் காவலாகும்.