இங்கிலீஷ் பரீட்சையில் ஆண் பெண் கணக்கு

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகும் நாளன்று ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் முதலிய கரையூர்களில் டீக்கடைக்கு டீக்கடை ஒரே பேச்சாகத்தான் இருக்கும். "இந்த வருஷமும் பொம்பளைப் பிள்ளைகள்தான் அதிகம் பாஸ்" என்பார் ஒருவர். "அதுகளுக்கு வேறு என்ன வேலை? உட்கார்ந்து நெட்டுருப் போடுகின்றதுகள். இங்கிலீஷைக்கூட அர்த்தம் தெரியாமலே ஒப்பித்து விடுகின்றதுகள்" என்பார் மற்றொருவர். "பாஷை பெண்ணுக்கு வாயோடு பிறந்தது, ஆணுக்குக் கையிலேதான் வேலை, பையன் படகுக்குப் போகட்டும்" என்று மூன்றாமவர் தீர்ப்புச் சொல்லி எழுந்து போய்விடுவார். இம்மூவரில் ஒருவராவது பெண்ணுக்குப் புத்தி உண்டு என்று ஒப்புக்கொள்ளவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நேற்று வரையில் "பெண்புத்தி பின்புத்தி" என்றவர்கள், பெண் முந்திக்கொண்டவுடன் புத்தி என்ற சொல்லையே கைவிட்டு, நெட்டுரு என்றும் பிறவி வாய் என்றும் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025-ம் வருஷத்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சையில், தமிழ்நாடு முழுமைக்கும், எழுதிய பெண்களில் நூற்றுக்கு 95.88 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 91.74 பேரும் தேறினார்கள். 2024-ல் பெண்கள் 94.53, ஆண்கள் 88.58. பிளஸ் டூவிலும் இதே வரிசைதான். 2025-ல் பெண்கள் 96.70, ஆண்கள் 93.16. இது எல்லாப் பாடமும் சேர்ந்த கணக்கேயன்றி, இங்கிலீஷுக்கு மட்டும் எடுத்த கணக்கல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த 2025-ம் வருஷக் கணக்கை ஒருவன் "வித்தியாசம் நூற்றுக்கு நாலுதான், இது ஒரு பிரமாதமா?" என்று சொல்லலாம். மற்றொருவன் அதே கணக்கைத் திருப்பிப் போட்டு, "தவறிய பெண் நூற்றுக்கு நாலு, தவறிய ஆண் எட்டு, ஆகவே ஆண் இரட்டிப்பு மடையன்" என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்குத்தான். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகின்றான் என்பதைப் பார்க்காமல் எண்ணை மாத்திரம் கேட்டுத் தலையாட்டுகின்றவன், கைரேகை பார்க்கின்றவனிடம் காசைக் கொடுத்துவிட்டு வருகின்றவனுக்குச் சமானமேயாவான்.

அன்றியும், தேர்ச்சிக் கணக்கு என்பது 35 மார்க்கு என்ற ஒரே ஒரு கோட்டின்மேல் நின்றுகொண்டு எண்ணுவதாகும். கோட்டுக்குக் கீழே விழுந்தவன் 34-ல் விழுந்தானா, 4-ல் விழுந்தானா என்று அது சொல்லாது. கோட்டுக்கு மேலே 90 வாங்கினவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதும் அதில் தெரியாது. எட்டுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் படிப்பில் அடிமட்டத்தில் இருப்பவர்களைப் பற்றிய செய்தியே ஒழிய, ஆண் மூளை பெண் மூளையைப் பற்றிய செய்தியல்ல.

இது இயற்கை என்கின்றவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் நமது புதுக்கோட்டை ஜில்லாவில் எழுதப்படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்கு 85.56, பெண்கள் 69.00. பதினாறு பேருக்கு மேல் பெண் பின்தங்கியிருந்தாள். அன்று இதற்குச் சொல்லப்பட்ட காரணமும் "பெண்ணின் சுபாவம்" என்பதுதான். அந்தத் தலைமுறைத் தாய்மார்கள் பெற்ற பெண்கள்தான் இன்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கின்றார்கள். தாய் பின்தங்கியதும் இயற்கை, மகள் முந்தியதும் இயற்கை என்றால், இந்த இயற்கை ஒரே தலைமுறைக்குள் எப்படித் தலைகீழாகத் திரும்பிற்று? 1990-களின் தொடக்கத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் காலத்தில் இந்த ஜில்லாவில் நடந்த அறிவொளி இயக்கத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பழகினார்கள். அதற்கு முந்திய வருஷம் வரையில் சைக்கிளும் பெண்ணுக்கு இயற்கையில் இல்லாத வித்தையாகத்தான் இருந்தது.

இன்னும் முந்திய கதையும் உண்டு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலெட்சுமி ரெட்டி அம்மையார் மெட்ரிகுலேஷன் தேறி, 1904-ல் அவ்வூர் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று வைதிகர்கள் கூச்சல் போட்டார்கள். தாயாரின் குலத்தையும் இழுத்துப் பேசினார்கள். மகாராஜா அனுமதி கொடுத்ததால் கூச்சல் அடங்கிற்று. அந்த அம்மையார் இங்கிலீஷிலேயே படித்து, இங்கிலீஷிலேயே பரீட்சை எழுதி, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்று, பின்னர் சென்னை சட்டசபையின் உபதலைவராகவும் ஆனார்.

ஆனால், இந்த ஒருவரைக் காட்டிப் பெண்களெல்லாம் பாஷையில் ஆணுக்கு மேல் என்று நாமும் புளுகக்கூடாது. ஏனெனில், இவ்வளவு தடையையும் தாண்டிப் பரீட்சை மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்த பெண் ஆயிரத்தில் ஒருத்தி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் தகப்பன் அனுப்பியதால் வந்தவன். பொறுக்கி எடுத்த மணியையும், அள்ளிப் போட்ட நெல்லையும் ஒரே தராசில் வைத்தால் முடிவு எப்படி நியாயமாகும்? வெளிநாடு போகின்றவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் பரீட்சையிலும் பெண்களின் சராசரி சற்று மேலாக இருக்கின்றது என்பதை அதை நடத்துகின்றவர்களே வெளியிடுகின்றார்கள். அங்கும் யார் எழுத வந்தார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும். நம் பத்தாம் வகுப்பிலும் அப்படியேதான். எட்டிலும் ஒன்பதிலும் நின்று வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் போய்விட்ட பையன் பரீட்சைக்கே வரவில்லை. ஆகையால் அவன் தேறினவனிலும் இல்லை, தவறினவனிலும் இல்லை.

நிற்க. இவ்விஷயத்தை உண்மையாக ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்ப்போம். ஹாலந்து தேசத்தில் குடியேறியவர்கள் டச்சு பாஷையில் எழுதும் சர்க்கார் பரீட்சையை வைத்து, 88 தேசங்களிலிருந்து வந்து 49 தாய்மொழிகளைப் பேசும் 27,119 பேருடைய மார்க்குகளை ஆராய்ந்து, 2015-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பேசுவதிலும் எழுதுவதிலும் பெண்கள் மேலாக இருந்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்வதிலும், காதால் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் ஆண் பெண் வித்தியாசமே காணப்படவில்லை. ஆராய்ந்தவர்கள் இதில் பிறவிக்கூறும் சூழ்நிலையும் கலந்திருக்கக்கூடும் என்றே கருதுகின்றார்கள். அதை நாம் மறைக்கவில்லை. கலந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால், நாக்குக்கும் பேனாவுக்கும் ஆண் பெண் பேதம் உண்டு, கண்ணுக்கும் காதுக்கும் இல்லை என்றால், "பெண்ணுக்கு எல்லாம் பிறவியிலேயே வந்தது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது என்பது மாத்திரம் நிச்சயம். இதே ஆராய்ச்சியில் வேறொரு முக்கியமான சங்கதியும் இருக்கின்றது. முன்னதாகப் பெற்ற பள்ளிப்படிப்பு எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கவ்வளவு இரண்டாம் பாஷையில் மார்க்கு ஏறுகின்றது. அந்த ஏற்றம் ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகமாக இருக்கின்றது. அதாவது, மேல்படிப்பு என்ற உரத்தைப் போட்டால் அதிகமாக விளைகின்ற வயல் பெண். நாம் என்ன செய்கின்றோம்? பிளஸ் டூ முடிந்ததும் அந்த வயலுக்குத்தான் முதலில் தண்ணீரை நிறுத்துகின்றோம்.

கேள்வித்தாளும் நடுநிலைமையானது என்று நினைக்க வேண்டாம். அதே ஹாலந்தில் பள்ளி மாணவர்கள் சுமார் 3,000 பேரை வைத்துப் பூகல், பூங்க் என்னும் இருவர் 1996-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆண்களுக்குப் பழக்கமான விஷயத்தைப் பற்றிய இங்கிலீஷ் பாடத்தில் பையன்களும், பெண்களுக்குப் பழக்கமான விஷயத்தில் பெண்களும் அதிக மார்க்கு வாங்கினார்கள். அமெரிக்காவில் ஸ்பானிஷ் பாஷை படித்தவர்களிடம் சிண்டி பிரான்ட்மையர் என்ற அம்மையார் செய்த சோதனையிலும் அப்படியே. குத்துச்சண்டைக் கதையைக் கொடுத்தால் ஆண்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வீட்டிலே மனம் நொந்திருக்கும் மனைவியின் கதையைக் கொடுத்தால் பெண்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆனால், இது இடைநிலையில் படிப்பவர்களிடம் காணப்பட்டது. பாஷையில் மேல்நிலைக்குப் போனவர்களிடம் இந்த வித்தியாசம் தென்படவில்லை.

இதை நம் கரைக்குப் பொருத்திப் பாருங்கள். கச்சான் காற்றையும், கொண்டல் காற்றையும், படகு எஞ்சினையும் பற்றிய ஒரு பாராவை இங்கிலீஷில் கொடுத்தால், ஜெகதாப்பட்டினத்துப் பையன் பாதி வார்த்தை தெரியாமலே மீதியை ஊகித்துவிடுவான். மீனைத் தரம் பிரித்து விலை வைத்து விற்று வட்டி கட்டுகின்ற கணக்கைக் கொடுத்தால், தாயோடு சந்தைக்குப் போய்வந்த பெண் ஊகித்துவிடுவாள். விமான நிலையத்தைப் பற்றிக் கொடுத்தால் இருவரும் விழிப்பார்கள். பட்டணத்துப் பிள்ளை பாஸாவான். அப்பொழுது அளக்கப்பட்டது இங்கிலீஷா, அனுபவமா? பாஷை அரைகுறையாக இருக்கின்றவரையில் அனுபவம் கைகொடுக்கின்றது. பாஷை முற்றிவிட்டால் அந்த ஊன்றுகோல் வேண்டியதில்லை. ஆகவே, ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவிலே நாம் காண்கின்ற பள்ளத்தில் ஒரு பாகம், அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்து நிறுத்தியதால் ஏற்பட்ட பள்ளமாகும்.

திருத்துகின்றவன் கையிலும் விஷயம் உண்டு. நம் பொதுப் பரீட்சையில் பெயருள்ள பாகத்தை நீக்கிவிட்டு விடைத்தாளைத் திருத்துவதால், எழுதியது ஆணா பெண்ணா என்பது திருத்துகின்றவருக்குத் தெரியாது. இது நல்ல ஏற்பாடு. ஜப்பானில் டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுப் பரீட்சையில் பெண்களின் மார்க்கைத் திட்டமிட்டுக் குறைத்து வந்தது 2018-ல் அம்பலமாயிற்று. அதற்கு வெளிவந்த சமாதானம், பெண் டாக்டர்கள் கலியாணமாகிப் பிள்ளை பெற்றால் வேலையை விட்டுவிடுவார்கள் என்பதாகும்! டோக்கியோவின் மருத்துவ மேதாவிகளுக்கும் நம்மூர் டீக்கடைக்காரருக்கும் இவ்விஷயத்தில் புத்தி ஒன்றாகவே இருக்கின்றது.

இப்பொழுது நம்மூரில் நடப்பதற்கு வருவோம். மே மாதத்தில் பரீட்சை முடிவு வருகின்றது. இங்கிலீஷில் நாலு மார்க்கில் தவறிய பையன் அப்பொழுது கரையில்தான் இருப்பான். ஏனெனில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தவறியவர்களுக்கான துணைப் பரீட்சை ஜூலையில் வருகின்றது. படகோ ஜூன் 15-ல் கிளம்பிவிடுகின்றது. இந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் பையன் படகேறிப் படிப்பை முழுக்குப் போடுகின்றான். அதே மே மாதத்தில்தான் பிளஸ் டூவில் நல்ல மார்க்கு வாங்கிய பெண்ணுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட வேண்டியிருக்கின்றது. அதே மாதத்தில்தான் மாப்பிள்ளை வீட்டாரும் வந்து போகின்றார்கள். சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-ல் தொடங்கிற்று; பையன்களுக்கும் 2024-ல் வந்தது. ஆகையால் பஸ் சார்ஜுக்கு வழியில்லை என்று தகப்பன்மார்கள் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. அந்த 61 நாளில் பள்ளிக்கூடக் கட்டடத்திலோ, மீனவர் சங்கக் கட்டடத்திலோ, மாலையில் இரண்டு மணி நேரம் தவறிய பையன்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு வைக்க வேண்டும். நெட்டுரு போடுகின்றாள் என்று சொல்லப்பட்ட அந்தப் பிளஸ் டூப் பெண்களைக் கொண்டே வாசிக்கச் சொல்லிக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பாடம் கேட்பதில் ஆண்பிள்ளைக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது. படகு உரிமையாளர்கள் துணைப் பரீட்சை முடிகின்றவரையில் அந்தப் பையன்களைப் படகில் ஏற்றுவதில்லை என்று தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும். டீசல் விலைக்கும் தடைக்கால நிவாரணத்துக்கும் கூட்டம் போடுகின்றவர்களுக்கு இதற்காக ஒரு மாலை கூடுவது கஷ்டமாகாது. ஏப்ரல் 15-க்கு முன்னால் கூடினால் போதும்.